சென்னை நகரப் பொதுப் போக்குவரத்து: அரசு, தனியார் நிதியின் வரலாறு

சென்னை நகரப் பொதுப் போக்குவரத்து என்பது டிராம், பேருந்து, புறநகர் மின்சார இரயில், பறக்கும் இரயில், மெட்ரோ இரயில் எனப் பல வகைகளில் 1895 முதல் வளர்ந்து வந்ததாகும். இவற்றின் வழித்தடங்களைப் பற்றியும் வண்டிகளைப் பற்றியும் பல கட்டுரைகள் உள்ளன. இக்கட்டுரை இவற்றுக்கான பணம் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் விளக்குகிறது. தனியார் நிறுவனம், மாநில அரசு, மத்திய அரசு, இந்திய இரயில்வே, வெளிநாட்டுக் கடன் நிறுவனங்கள், வைப்புத்தொகை போட்ட பொதுமக்கள், போக்குவரத்துத் தொழிலாளர்கள் ஆகிய அனைவரும் வெவ்வேறு காலங்களில் இச்செலவைச் சுமந்துள்ளனர். பயணி கொடுக்கும் கட்டணம் மட்டும் முழுச் செலவையும் நீண்ட காலத்துக்கு ஈடுகட்டியதில்லை. மீதியை யார் தருவது என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலமும் அளித்த விடைகளே இந்த வரலாறு.

அடிப்படைக் கருத்துகள்

போக்குவரத்துச் செலவு இரு வகைப்படும். தண்டவாளம், பாலம், சுரங்கம், பணிமனை, வண்டி ஆகியவற்றை உருவாக்கவும் வாங்கவும் ஆகும் செலவு மூலதனச் செலவு. ஓட்டுநர், நடத்துநர் ஊதியம், டீசல், மின்சாரம், டயர், பழுதுபார்ப்பு போன்றவை அன்றாடம் ஆகும் இயக்கச் செலவு. மூலதனச் செலவுக்கு ஒரே நேரத்தில் பெருந்தொகை தேவைப்படும். ஆனால் அது பல ஆண்டுகளில்தான் சிறுகச் சிறுகத் திரும்பி வரும். எனவே அதற்குப் பங்கு முதலோ கடனோ மானியமோ வேண்டும்.

வருவாயும் இரு வகைப்படும். ஒன்று பயணச்சீட்டு வருவாய். மற்றொன்று விளம்பரம், கடை வாடகை, வாகன நிறுத்தக் கட்டணம், நில மேம்பாடு ஆகியவற்றால் வரும் பயணச்சீட்டு சாரா வருவாய்.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். ஒரு பேருந்தை ஒரு நாள் இயக்க 100 பங்கு செலவாகிறது என்றும், பயணச்சீட்டால் 60 பங்கு வருகிறது என்றும் வைத்துக்கொள்வோம். மீதி 40 பங்கை ஈடுகட்ட நான்கு வழிகளே உள்ளன. கட்டணத்தை உயர்த்தலாம். அரசு வரிப்பணத்திலிருந்து கொடுக்கலாம். கடன் வாங்கி நாளைக்குத் தள்ளிவைக்கலாம். அல்லது ஊதியத்திலும் பராமரிப்பிலும் கைவைக்கலாம். சென்னை இந்த நான்கையும் முயன்று பார்த்த நகரம்.

டிராம் காலம் (1895–1953)

ஆங்கிலேய ஆட்சியில் இந்திய இரயில் பாதைகள் உத்தரவாத முறையில் உருவாயின. லண்டனில் பங்கு திரட்டிய தனியார் நிறுவனங்கள் பாதை அமைத்தன. அவற்றின் முதலீட்டுக்குப் பெரும்பாலும் 5 விழுக்காடு வட்டியை அரசு உறுதி செய்தது. பாதையில் வருவாய் குறைந்தால் குறையும் தொகையை இந்திய வரி வருவாயிலிருந்து அரசு ஈடுசெய்தது. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை இரயில் விட்ட மெட்ராஸ் இரயில்வே நிறுவனம் இம்முறையில் இயங்கியதே. இலாபம் பங்குதாரருக்கு, இழப்பு வரி செலுத்துவோருக்கு என்று அமைந்த இந்த ஏற்பாட்டுக்கு அக்காலத்திலேயே கடும் எதிர்ப்பு இருந்தது.

நகருக்குள் ஓடிய டிராமுக்கு அத்தகைய உத்தரவாதம் இருக்கவில்லை. 1895 மே 7இல் சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவில் மின்சாரத்தால் ஓடிய முதல் டிராம் சேவை இதுவே. பிரித்தானிய முதலீட்டில் அமைந்த தனியார் நிறுவனமே இதை நடத்தியது. தொடக்கத்தில் சாலைக்கு அடியில் அமைந்த கால்வாய் வழியே மின்சாரம் கொடுக்கப்பட்டது. சென்னையின் பருவமழை அந்த அமைப்பைப் பாழாக்கவே, தலைக்கு மேல் கம்பி கட்டி மின்சாரம் கொடுக்கும் முறைக்கு மாற நேர்ந்தது. தொடங்கிய சில ஆண்டுகளிலேயே இரண்டாம் முறை மூலதனம் போட வேண்டியதாயிற்று. நிறுவனமும் கைமாறியது.

துறைமுகத்தையும் நகரின் உட்பகுதிகளையும் டிராம் இணைத்தது. பாரி முனை, மவுண்ட் ரோடு, பூந்தமல்லி சாலை ஆகிய இடங்கள் வழியே அது சென்றது. 1921இல் 24 கிலோமீட்டர் பாதையில் 97 வண்டிகள் ஓடின. அலுவலக எழுத்தர், ஆலைத் தொழிலாளி, மாணவர் எனப் பலரும் ஒரே வண்டியில் பயணம் செய்தனர்.

ஆனால் டிராம் நிறுவனத்தின் கணக்கில் ஓர் அடிப்படைச் சிக்கல் இருந்தது. பாதை, மின்கம்பி, வண்டி எல்லாவற்றையும் அது தன் பணத்தில் அமைத்துப் பராமரிக்க வேண்டும். 1920களில் பெருகிய தனியார் பேருந்துகளுக்கு இந்தச் சுமை இல்லை. சாலையைப் போடுவது அரசும் நகராட்சியும். பேருந்து முதலாளி வண்டியை மட்டும் வாங்கினால் போதும். கூட்டம் உள்ள நேரத்தில் கூட்டம் உள்ள தெருவில் ஓட்டலாம். கூட்டம் குறைந்தால் வேறு தெருவுக்குப் போகலாம். தண்டவாளத்தில் ஓடும் டிராமுக்கு அது முடியாது.

1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிய பின் டிராம் தொழிலாளரும் சங்கமாகத் திரண்டு ஊதிய உயர்வு கோரினர். செலவு கூடியது. கட்டணத்தை விருப்பம்போல் உயர்த்தவும் வழியில்லை, உயர்த்தினால் பயணி பேருந்துக்கு மாறிவிடுவார். தேய்ந்த பாதையையும் பழைய வண்டிகளையும் புதுப்பிக்கப் பணம் இல்லை. 1950 அளவில் நிறுவனம் நொடித்துப்போனது. 1953 ஏப்ரல் 12இல் சென்னை டிராம் சேவை முடிவுக்கு வந்தது.

டிராம் பழையதாகிவிட்டதால் மறைந்தது என்று பொதுவாகச் சொல்வதுண்டு. கொல்கத்தாவில் டிராம் அதன் பிறகும் பல பத்தாண்டுகள் ஓடியது. அங்கு 1967இல் மேற்கு வங்க அரசு டிராம் நிர்வாகத்தை ஏற்றுக்கொண்டது. சென்னையில் இழப்பைத் தாங்க அரசு முன்வரவில்லை. இரு நகரங்களின் டிராம் வரலாறும் வேறுபட்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

தனியார் பேருந்தும் நாட்டுடைமையும்

சென்னையின் தொடக்ககாலப் பேருந்துகள் முழுவதும் தனியார் முதலில் ஓடியவை. 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் வழித்தட உரிமங்களையும் கட்டணங்களையும் ஒழுங்குபடுத்தியது. ஆயினும் இலாபம் தரும் தடங்களில் பேருந்துகள் குவிவதும், பிற பகுதிகள் புறக்கணிக்கப்படுவதும் தொடர்ந்தன.

1947இல் சென்னை மாகாண அரசு 30 பேருந்துகளுடன் நகரில் தன் சேவையைத் தொடங்கியது. அடுத்த சில மாதங்களில் நகரின் தனியார் பேருந்துச் சேவையை அரசே ஏற்றது. இவ்வாறு, டிராம் மறைவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே பேருந்து அரசின் கைக்கு வந்துவிட்டது. 1950இல் நாடாளுமன்றம் சாலைப் போக்குவரத்துக் கழகங்கள் சட்டத்தை இயற்றியது. பல மாநிலங்கள் அதன்கீழ்க் கழகங்களை அமைத்தன. தமிழ்நாட்டில் பேருந்துகள் முதலில் அரசுத் துறையாகவும், பின்னர் நிறுவனச் சட்டத்தின்கீழ்ப் பதிவான அரசு நிறுவனங்களாகவும் இயங்கின.

நாட்டுடைமையின் நிதிக் காரணம் எளிதானது. இலாபத் தடத்தில் கிடைக்கும் மிகுதியைக் கொண்டு இழப்புத் தடத்தை நடத்துவது அதன் நோக்கம். இதற்குக் குறுக்கு மானியம் என்று பெயர். எல்லாத் தடங்களும் ஒரே உரிமையாளரிடம் இருந்தால்தான் இது நடக்கும். பாரி முனைக்குச் செல்லும் நெரிசலான பேருந்தின் வருவாய், புறநகரின் ஓரத்துக்கு இரவு பத்து மணிக்குச் செல்லும் பாதி காலியான பேருந்தை ஓட்டும்.

இந்த மாற்றம் தலைநகரில் முழுமையாக நடந்தது. பிற மாவட்டங்களில் அரசுப் பேருந்தும் தனியார் பேருந்தும் இன்றும் ஒரே சாலையில் ஓடுகின்றன. மாநகரப் பேருந்துத் தடங்களோ நெடுங்காலமாக அரசு நிறுவனத்திடமே உள்ளன.

பல்லவன் காலமும் மக்கள் வைப்புத்தொகையும்

1972 ஜனவரி 1இல் சென்னை நகரப் பேருந்துகளுக்காகப் பல்லவன் போக்குவரத்துக் கழகம் அமைந்தது. தொடக்கத்தில் அதனிடம் 1,029 பேருந்துகள் இருந்தன. மதுரையில் பாண்டியன், கோவையில் சேரன், கும்பகோணத்தில் சோழன் என அக்கால அரசு தொடங்கிய கழகங்களுக்கு மன்னர் பெயர்கள் சூட்டப்பட்டன. 1994இல் பல்லவன் கழகம் பிரிக்கப்பட்டு, டாக்டர் அம்பேத்கர் போக்குவரத்துக் கழகம் உருவானது. 1997இல் தலைவர், மன்னர் பெயர்கள் நீக்கப்பட்டு மாநகர் போக்குவரத்துக் கழகம் என்ற பெயர் வந்தது. 2001இல் இரு பிரிவுகளும் மீண்டும் ஒன்றாயின.

கழகங்கள் பெருகியதும், புதுப் பேருந்து வாங்கப் பணம் எங்கே என்ற கேள்வி எழுந்தது. இதற்காக 1975இல் தமிழ்நாடு போக்குவரத்து வளர்ச்சி நிதிக் கழகம் என்ற அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. இது பொதுமக்களிடம் வைப்புத்தொகை பெற்று, வட்டி கொடுத்து, அப்பணத்தைப் போக்குவரத்துக் கழகங்களுக்குக் கடனாக அளிக்கிறது. ஓய்வு பெற்றவர்களும் மூத்த குடிமக்களும் வட்டியை நம்பி இதில் பணம் போடுவது தமிழ்நாட்டில் பழகிப்போன ஒன்று. எனவே அரசுப் பேருந்தில் ஏறும் ஒருவர், யாரோ ஒரு குடும்பத்தின் சேமிப்பால் வாங்கப்பட்ட வண்டியில் பயணம் செய்யக்கூடும். அரசு நிதி, தனியார் நிதி என்று நாம் பிரிக்கும் கோடு இங்கு மங்கிவிடுகிறது. பேருந்து அரசுடையது, பணம் தனிமனிதர்களுடையது, அந்தக் கடனைத் திருப்பித் தருவது பயணியும் வரி செலுத்துவோரும்.

பின்னாளில் வேறு வழிகளும் சேர்ந்தன. மத்திய அரசின் ஜவாகர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தின்கீழ் நகரப் பேருந்துகள் வாங்க உதவித்தொகை கிடைத்தது. புதிய மாசுக் கட்டுப்பாட்டுத் தரத்துக்கு ஏற்ற பேருந்துகளையும் மின்சாரப் பேருந்துகளையும் வாங்க ஜெர்மன் அரசின் வளர்ச்சி வங்கியிடம் மாநில அரசு கடன் பெற்றது.

கட்டணமும் இழப்பும்

பேருந்துக் கட்டணம் தமிழ்நாட்டில் எப்போதும் அரசியல் முடிவாகவே இருந்து வருகிறது. டீசல் விலை மாதந்தோறும் மாறலாம், ஊதியம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடும். கட்டணமோ ஆண்டுக்கணக்கில் அசையாது. பிறகு ஒரே நாளில் பெரிதாக உயரும். 2011 நவம்பரில் ஒருமுறை இவ்வாறு உயர்ந்தது. அடுத்த பெரிய உயர்வு 2018 ஜனவரி 20இல் வந்தது. நகரப் பேருந்தின் குறைந்தபட்சக் கட்டணம் 3 ரூபாயிலிருந்து 5 ரூபாய் ஆனது. மாணவர்கள் பல ஊர்களில் மறியல் செய்தனர். சில நாள்களில் அரசு உயர்வில் ஒரு பகுதியைக் குறைத்தது.

இடைப்பட்ட ஆண்டுகளின் இழப்பு எங்கே போனது என்பதே முக்கியமான கேள்வி. 2013 ஜனவரியில், மொத்தமாக டீசல் வாங்குவோருக்கு மானிய விலை கிடையாது என்று மத்திய அரசு அறிவித்தது. அரசுப் போக்குவரத்துக் கழகங்களும் மொத்த வாங்குநர்களே. இதனால் சாலையோரச் சில்லறை நிலையங்களில் மற்ற வண்டிகளோடு வரிசையில் நின்று அரசுப் பேருந்துகள் டீசல் நிரப்பும் நிலை ஏற்பட்டது. மகிழுந்து வைத்திருப்பவருக்குக் கிடைத்த சலுகை விலை பேருந்துக்குக் கிடைக்காமல் போனது இதில் உள்ள முரண்.

இழப்பின் இன்னொரு பகுதியைத் தொழிலாளர்கள் சுமந்தனர். 2018 ஜனவரி 4 முதல் 11 வரை தமிழ்நாட்டுப் போக்குவரத்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ஊதிய உயர்வு மட்டும் அவர்களது கோரிக்கை அன்று. தங்கள் ஊதியத்தில் பிடித்தம் செய்த வருங்கால வைப்பு நிதி போன்ற தொகைகள் உரிய கணக்கில் செலுத்தப்படவில்லை, ஓய்வு பெற்றவர்களுக்குப் பணிக்கொடை உரிய காலத்தில் தரப்படவில்லை என்பதும் அவர்களது முறையீடு. பேருந்து அன்று ஓடியது, டீசலுக்குப் பணம் கொடுக்கப்பட்டது. முப்பது ஆண்டுகள் பேருந்து ஓட்டியவரின் பணம் காத்திருந்தது. வட்டியில்லாக் கடனைக் கேட்காமலேயே தொழிலாளியிடம் பெறுவதற்கு ஒப்பானது இது. கட்டணம் உயராத ஆண்டுகளில் பயணிகள் பெற்ற சலுகையில் ஒரு பகுதி இவ்வாறு வந்தது என்பதை வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் குறிப்பிடுவதில்லை.

மானியத்தை வெளிப்படையாகக் கணக்கில் காட்டும் முறையும் உண்டு. பள்ளி மாணவர்களுக்கு இலவசப் பயண அட்டை வழங்கி, அதற்கான தொகையை அரசு கழகங்களுக்கு ஈடுசெய்வது பழைய எடுத்துக்காட்டு. 2021 மே மாதம் பெண்கள் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம் என்று அரசு ஆணையிட்டது. இதனால் ஏற்படும் வருவாய் இழப்புக்கு ஆண்டுக்கு 1,200 கோடி ரூபாய் மானியமாகத் தொடக்கத்தில் மதிப்பிடப்பட்டது. பின்னர் இத்திட்டத்துக்கு மகளிர் விடியல் பயணத் திட்டம் என்று பெயர் வந்தது. இத்திட்டத்தால் பெண்கள் மாதம் சராசரியாக 888 ரூபாய் சேமிப்பதாக மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வைச் சுட்டி அரசு தெரிவித்தது. வீட்டுவேலைக்குச் செல்லும் ஒரு பெண்ணுக்கு அது சில நாள் கூலிக்குச் சமம்.

நிதி நோக்கில் இத்திட்டத்தில் ஒரு சிறப்பு உள்ளது. பயணம் செய்யும் பெண்ணுக்கும் நடத்துநர் கட்டணமில்லாச் சீட்டு கொடுக்கிறார். எனவே எத்தனை பயணங்கள் என்ற கணக்கு இருக்கிறது. அக்கணக்கின்படி கழகத்துக்குப் பணம் வந்து சேர்கிறதா என்பதே இனி கேட்க வேண்டிய கேள்வி.

புறநகர் இரயிலும் பறக்கும் இரயிலும்

1931இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. அதை இயக்கியது தென்னிந்திய இரயில்வே நிறுவனம். 1944இல் அந்நிறுவனத்தின் நிர்வாகம் அரசிடம் வந்தது. மாம்பலம், சைதாப்பேட்டை, தாம்பரம் ஆகிய பகுதிகளில் குடியிருப்பு பெருக இந்தப் பாதை உதவியது. புறநகர் இரயிலின் கட்டணம் இன்றும் மிகக் குறைவு. அதன் இழப்பை இந்திய இரயில்வே தன் சரக்குப் போக்குவரத்து வருவாயால் ஈடுகட்டி வருகிறது. நிலக்கரியும் சிமென்டும் கொடுக்கும் கட்டணத்தில் ஒரு துளி, தாம்பரம் பயணியின் மாதச் சீட்டுக்கு வந்து சேர்கிறது.

பறக்கும் இரயில் வேறு வகையானது. கடற்கரை நிலையத்திலிருந்து மயிலாப்பூர் வரையிலான முதற்கட்டத்தை இரயில்வே தன் செலவில் கட்டியது. 1995இல் சேப்பாக்கம் வரையிலும், 1997இல் திருமயிலை வரையிலும் இரயில் ஓடியது. வேளச்சேரி வரையிலான இரண்டாம் கட்டத்தில் செலவு பகிரப்பட்டது. மூன்றில் இரு பங்கை மாநில அரசும் ஒரு பங்கை இரயில்வேயும் ஏற்றன. 2007 நவம்பரில் வேளச்சேரிக்கு இரயில் வந்தது. அங்கிருந்து பரங்கிமலை வரை சுமார் 5 கிலோமீட்டர் நீட்டிப்புக்கு 2008இல் பணி தொடங்கியது. ஒரு சிறு பகுதி நிலத்தைக் கையகப்படுத்துவதில் எழுந்த வழக்குகளால் அது பல ஆண்டுகள் தடைப்பட்டது. அந்த இடைவெளியில் செலவு ஏறிக்கொண்டே போனது.

பறக்கும் இரயில் நிலையங்கள் மிகப் பெரிய கட்டடங்கள். கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் வாடகைக்கு விட்டு வருவாய் ஈட்டலாம் என்ற எண்ணத்தில் அவ்வளவு பெரிதாகக் கட்டப்பட்டன. ஆனால் பெரும்பகுதி இடம் ஆண்டுக்கணக்கில் வெறுமையாகவே கிடந்தது. ஆள் நடமாட்டமற்ற கூடங்களைக் கண்டு அஞ்சி, மாலைக்குப் பின் அந்நிலையங்களைத் தவிர்த்தவர்கள் உண்டு. கட்டடம் கட்டிவிட்டால் மட்டும் வாடகை வந்துவிடாது. நிலையத்துக்கு வரும் நடைபாதை, இணைப்புப் பேருந்து, பாதுகாப்பு, பராமரிப்பு ஆகியவையும் வேண்டும் என்பதை இது உணர்த்தியது.

மெட்ரோ இரயிலின் நிதி அமைப்பு

சென்னை மெட்ரோ இரயில் நிறுவனம் 2007 டிசம்பரில் பதிவு செய்யப்பட்டது. பின்னர் அது மத்திய அரசும் மாநில அரசும் சம பங்கு கொண்ட கூட்டு நிறுவனமானது. முதற்கட்டத் திட்டம் 45 கிலோமீட்டர் நீளமுடைய இரு வழித்தடங்கள். 2009 ஜனவரியில் மத்திய அமைச்சரவை இதற்கு ஒப்புதல் அளித்தது. மதிப்பீடு 14,600 கோடி ரூபாய். இதில் ஏறத்தாழ 59 விழுக்காடு ஜைக்கா எனப்படும் ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடன். மீதியை மத்திய அரசும் மாநில அரசும் ஏறக்குறைய சமமாக ஏற்றன. அரசுகளின் பங்கு இரு வடிவில் வந்தது. ஒரு பகுதி பங்கு முதல், மற்றொரு பகுதி துணைக்கடன். முதன்மைக் கடனைத் தீர்த்த பிறகே துணைக்கடனைத் திருப்பித் தந்தால் போதும்.

2015 ஜூன் 29இல் கோயம்பேடு முதல் ஆலந்தூர் வரை மெட்ரோ ஓடியது. 2019 பிப்ரவரியில் முதற்கட்டம் முழுமை பெற்றது. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீட்டிப்பு திறக்கப்பட்டது. அதே மாதம் அதிகபட்சக் கட்டணம் 70 ரூபாயிலிருந்து 50 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. பெருஞ்செலவில் கட்டிய இரயிலில் பயணிகள் ஏறாவிட்டால் அக்கட்டணத்தால் பயனில்லை என்பதை இம்முடிவு காட்டியது.

இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மூன்று வழித்தடங்கள், 128 நிலையங்கள். மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆனால் மத்திய அரசின் பங்குக்கான ஒப்புதல் நீண்டகாலம் வரவில்லை. மாநிலத் திட்டமாகவே பணி நடந்தது. ஜைக்கா, ஆசிய வளர்ச்சி வங்கி, ஆசிய உட்கட்டமைப்பு முதலீட்டு வங்கி, புதிய வளர்ச்சி வங்கி ஆகியவற்றின் கடன்கள் மாநிலக் கணக்கில் ஏறின. ஒரு மாநிலம் ஆண்டுக்கு இவ்வளவுதான் கடன் வாங்கலாம் என்ற வரம்பு உண்டு. மெட்ரோ கடன் அந்த வரம்பில் சேரும்போது, பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சாலைக்கும் வாங்கக்கூடிய கடன் அந்த அளவுக்குக் குறையும்.

2024 அக்டோபர் 3இல் மத்திய அமைச்சரவை இரண்டாம் கட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 33,593 கோடி ரூபாய்க் கடனும், பங்கு முதல், துணைக்கடன் ஆகியவற்றுக்கு 7,425 கோடி ரூபாயும் சேர்த்து, மதிப்பீட்டில் ஏறத்தாழ 65 விழுக்காடு மத்திய அரசின் வழியாக வரும் என்று அறிவிக்கப்பட்டது. மீதி 35 விழுக்காடு மாநில அரசுடையது. இங்கு மாணவர்கள் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கடன் என்பது கொடை அன்று. யார் பெயரில் கடன் இருக்கிறது என்பது மாறியிருக்கிறது. அதைத் திருப்பித் தரவேண்டும் என்பது மாறவில்லை.

பிற நகரங்களின் தனியார் மெட்ரோ அனுபவம்

சென்னை மெட்ரோவைத் தனியாரிடம் விடாததற்குக் காரணம் என்ன என்று வினவலாம். இந்தியாவின் வேறு நகரங்களில் அம்முயற்சி நடந்துள்ளது. அவற்றின் முடிவுகள் சென்னையின் தேர்வைப் புரிந்துகொள்ள உதவும்.

தில்லி விமான நிலைய விரைவுப் பாதையில் கட்டுமானத்தைத் தில்லி மெட்ரோவும், இயக்கத்தை ரிலையன்ஸ் குழும நிறுவனமும் ஏற்றன. 2011 பிப்ரவரியில் சேவை தொடங்கியது. 2013இல் தனியார் நிறுவனம் விலகியது. தில்லி மெட்ரோ பாதையை ஏற்று நடத்தியது. இருவருக்கும் இடையிலான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2024 ஏப்ரலில்தான் தில்லி மெட்ரோவுக்குச் சாதகமாக முடிந்தது. குர்கானில் 2013இல் தொடங்கிய தனியார் ரேபிட் மெட்ரோவை 2019இல் அரசுத் தரப்பு ஏற்க நேர்ந்தது.

ஐதராபாத்தின் அனுபவம் இன்னும் பெரியது. 2008இல் ஒப்பந்தம் பெற்ற மேதாஸ் குழுமம், அரசிடம் மானியம் கேட்காமல், தானே அரசுக்கு ஒப்பந்தக் காலம் முழுவதிலும் 30,311 கோடி ரூபாய் தருவதாகச் சொன்னது. நிலத்தால் வரும் வருவாயை எண்ணியே இப்படி ஒரு கணக்கு போடப்பட்டிருக்கும் என்று, தில்லி மெட்ரோவை உருவாக்கிய இ. ஸ்ரீதரன் வெளிப்படையாக எச்சரித்தார். 2009இல் சத்யம் நிறுவன முறைகேடு வெளிவந்ததைத் தொடர்ந்து அந்த ஒப்பந்தம் முறிந்தது. பின்னர் எல் அண்ட் டி நிறுவனம் 1,458 கோடி ரூபாய் இடைவெளி நிரப்பு நிதியுடன் திட்டத்தை ஏற்றது. திட்டம் சமூகத்துக்குத் தேவை, ஆனால் வணிக முறையில் இலாபம் தராது என்னும்போது அந்தக் குறையை நிரப்ப அரசு தரும் தொகையே இடைவெளி நிரப்பு நிதி. 2017 நவம்பரில் ஐதராபாத் மெட்ரோ ஓடியது. பாதை நன்றாகவே அமைந்தது. ஆனால் கடனும் வட்டியும் நிறுவனத்தை அழுத்தின. 2025 செப்டம்பரில் தெலங்கானா அரசு முதற்கட்டத்தை ஏற்றுக்கொள்ளக் கொள்கையளவில் உடன்பட்டது.

சென்னையில் தனியார் பங்கேற்புடன் கூடிய மோனோரயில் திட்டம் 2011க்குப் பின் பலமுறை பேசப்பட்டது. ஒப்பந்தப் புள்ளிகள் பலன் தரவில்லை. திட்டம் தாளிலேயே நின்றது.

இவற்றிலிருந்து தனியார் திறமையற்றவர் என்று முடிவு கட்டுவது தவறு. தனியார் நிறுவனம் சுரங்கம் தோண்டும், பாலம் கட்டும், இரயில் பெட்டி செய்யும். சென்னை மெட்ரோவின் கட்டுமானமும் ஒப்பந்த நிறுவனங்களின் உழைப்பே. கட்டணம் உயராது, பயணிகள் எதிர்பார்த்த அளவு வரமாட்டார்கள், பணி தாமதமாகும் என்ற இடர்களை முப்பது ஆண்டுகளுக்குத் தாங்குவதுதான் தனியாரால் இயலாததாக இருக்கிறது. அந்த இடர் கடைசியில் அரசிடமே திரும்புகிறது.

தனியாரின் மீள்வருகை

அரசுப் பேருந்து போதாத இடங்களில் தனியார் பணம் சத்தமில்லாமல் நுழைந்துவிட்டது. சென்னையின் ஷேர் ஆட்டோக்கள் இதற்குச் சான்று. மாதத் தவணையில் வண்டி வாங்கிய ஓட்டுநரே இங்கு முதலாளி. அரசின் மானியமோ உத்தரவாதமோ அவருக்கு இல்லை. பேருந்து நிறுத்தத்தில் அரை மணி நேரம் நிற்கும் பயணி, கூடுதல் காசு கொடுத்து அதில் ஏறுகிறார். பொதுப் போக்குவரத்தில் போடப்படாத பணத்தைப் பயணி தன் பையிலிருந்து இவ்வாறு தருகிறார்.

அண்மையில் மொத்தச் செலவு ஒப்பந்தம் என்ற முறை வந்துள்ளது. இதில் தனியார் நிறுவனம் பேருந்தை வாங்கி, ஓட்டுநரை அமர்த்தி, பராமரிக்கும். போக்குவரத்துக் கழகம் வழித்தடத்தையும் நேரத்தையும் கட்டணத்தையும் முடிவு செய்யும். கட்டண வருவாய் கழகத்துக்குச் சேரும். ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று நிறுவனத்துக்குக் கழகம் பணம் கொடுக்கும். 2025 ஜூன் 30இல் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் இம்முறையில் சென்னையில் ஓடத் தொடங்கின. உலக வங்கியின் உதவியும் இதில் உண்டு.

இம்முறையில் பயணிகளைப் பிடிக்க மற்றப் பேருந்தோடு போட்டியிடுவதற்கு ஓட்டுநருக்குக் காரணம் இல்லை. கூட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிலோமீட்டருக்குப் பணம் வரும். ஆனால் தவணை தவறாமல் அந்தப் பணத்தைக் கழகம் கொடுக்க வேண்டும். ஒப்பந்ததாரருக்கு மாதந்தோறும் தவறாமல் கொடுக்கும் கழகம், தன் சொந்த ஓய்வூதியரைக் காக்க வைத்தால், இழப்பு இடம் மாறியது என்றுதான் பொருள். ஒப்பந்த ஓட்டுநரின் ஊதியமும் பணிப் பாதுகாப்பும் நிரந்தர ஊழியருடையவற்றுக்குச் சமமா என்று தொழிற்சங்கங்கள் கேட்கின்றன.

மதிப்பீடு

1895 முதல் இன்று வரை சென்னைப் போக்குவரத்தை அரசு, தனியார் என்ற இரு பெட்டிகளில் அடைத்துவிட முடியாது. டிராமின் இழப்பைப் பங்குதாரர் தாங்கினர், தாங்க முடியாதபோது நகரம் டிராமையே இழந்தது. பேருந்தின் இழப்பை அரசும் தொழிலாளியும் பகிர்ந்தனர். புறநகர் இரயிலைச் சரக்கு இரயில் தாங்குகிறது. மெட்ரோவின் கடனை இன்று பள்ளியில் படிக்கும் மாணவர்கள் வரி செலுத்தும் வயதில் அடைப்பார்கள்.

நிலமதிப்பு உயர்வு இதில் பயன்படாத ஒரு வாய்ப்பு. இரயில் வந்தால் அதன் அருகில் நிலத்தின் விலை ஏறுகிறது. பொதுப்பணத்தில் விளைந்த அந்த ஏற்றம் பெரும்பாலும் நில உரிமையாளருக்கே போகிறது. ஆங்காங் நகரில் இரயில் நிறுவனத்துக்கு நிலையங்களின் மேலும் அருகிலும் கட்டடம் எழுப்பும் உரிமையை அரசு அளித்து, அந்த வருவாயால் பாதை அமைக்கச் செய்தது. சென்னையிலும் நிலையப் பகுதி மேம்பாட்டுக்கான முயற்சிகள் தொடங்கியுள்ளன. பறக்கும் இரயிலின் வெறும் கூடங்கள் அம்முயற்சிக்கு ஒரு பாடமாக நிற்கின்றன.

நல்ல நிதி ஏற்பாட்டின் அடையாளம் இழப்பே இல்லாதிருப்பது அன்று. இழப்பு எவ்வளவு, அதை யார் ஏற்கிறார், எப்போது தருகிறார் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருப்பதே அதன் அடையாளம். பெண்களுக்குக் கொடுக்கும் கட்டணமில்லாச் சீட்டில் அந்தக் கணக்கு தெரிகிறது. ஓய்வு பெற்ற ஓட்டுநருக்கு வராத பணிக்கொடையில் அது மறைந்திருந்தது. இரண்டுமே மானியம்தான். ஒன்றைக் கொடுத்தவர் மனமறிந்து கொடுத்தார். மற்றதைக் கொடுத்தவரை யாரும் கேட்கவில்லை.